தூத்துக்குடியில் பார்க்க என்ன இருக்கிறது

எங்கள் தலைமுறையில் கணவனும் மனைவியும் சேர்ந்து வெளியூர் போவதற்குக் காரணங்கள் மிகக் குறைவு. கல்யாணம், இழவு, குலதெய்வம், ஆஸ்பத்திரி, பிள்ளைகளின் கல்லூரி. இவற்றுக்கெல்லாம் சேர்ந்துதான் போகிறோம், சேர்ந்து எதையும் பார்ப்பதில்லை. கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்ததும் மனைவி பெண்கள் பக்கம் போய்விடுவாள். நான் மின்விசிறிக்கு அடியில் ஒரு நாற்காலி தேடுவேன். சந்நிதியில் ஒரே திசை பார்த்து நின்றாலும் அவள் மகனுக்காக வேண்டிக்கொண்டிருப்பாள், நான் கடனுக்காக. ஆஸ்பத்திரியில் இருவரும் பார்ப்பது டோக்கன் எண்ணை மட்டும். ஒரு காரணமும் இல்லாமல் ஓர் ஊரைப் பார்த்துவிட்டு வரலாமே என்பது, எங்களுக்குக் கல்யாணமான புதிதில், பெரியவர்கள் இருக்கும் வீட்டில் வாய்விட்டுச் சொல்லக்கூடிய ஆசையாக இருக்கவில்லை. சொல்லாமல் வைத்த ஆசை அப்படியே பின்னால் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது.

மனைவிதான் தூத்துக்குடி என்றாள். மதுரையிலிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஊர். செய்தி தெரிந்த உறவினர்கள் எல்லோரும் முதலில் கேட்டது, "அங்க யாரு இருக்கா?" யாரும் இல்லை என்றதும் அடுத்த கேள்வி: "அப்பப் பாக்க என்ன இருக்கு? பேசாம திருச்செந்தூர் போயிட்டு வரலாம்ல?"

கேள்வி நியாயமானதுதான். இந்த ஊர் தன்னை யாருக்கும் காட்சிக்கு வைத்ததில்லை. பாண்டிச்சேரிபோல மஞ்சள் சுவர்த் தெருக்கள் கிடையாது. கன்னியாகுமரிபோல எல்லோரும் வரிசைகட்டி நின்று பார்க்கும் சூரிய உதயம் கிடையாது. உப்பு விளைவிக்கவும், மீன் ஏலம் போடவும், சரக்கு ஏற்றி இறக்கவும், சங்கு எடுக்கவும் நேரம் போதாமல் ஓடும் ஊர் இது. வருகிறவனை உபசரிக்கவும் செய்யாது, விரட்டவும் செய்யாது. எங்களைப்போல வயதான ஒரு ஜோடிக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் இல்லை என்று திரும்பி வந்தபின் உறுதியாகச் சொல்வேன். சுற்றுலாத்தலங்களில் நாம்தான் வேடிக்கைப் பொருள். குதிரைக்காரரும் புகைப்படக்காரரும் பாசிமணி விற்பவரும் நம்மை மொய்த்துக்கொள்கிறார்கள், ஐந்து நிமிடம் இருவர் சும்மா நிற்க முடியாது. வேலை நடக்கும் இடத்தில் நம்மைக் கண்டுகொள்ள யாருக்கும் பொழுதில்லை. அந்த நிம்மதியில்தான் கண் திறக்கிறது.

மார்ச் மாதம். முந்தின இரவே போய்ச் சேர்ந்து பழைய பஸ் நிலையம் பக்கம் ஒரு சாதாரண விடுதியில் தங்கினோம். விடிவதற்கு முன்பே திருச்செந்தூர் சாலையில் முள்ளக்காடு போகும் பஸ்ஸில் ஏறிவிட்டோம். உப்பளத்தைப் பார்ப்பதென்றால் அந்த நேரம்தான். வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்க வேண்டும் என்பதால் தொழிலாளிகள் இருட்டிலேயே இறங்கிவிடுவார்கள். பகல் பதினொரு மணிக்குக் காரில் வருகிறவர்களுக்கு ஆளில்லாத வெள்ளைத் தரையும் செல்போனுக்கு ஒரு படமும் கிடைக்கும்.

இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடியாக அதிக உப்பு விளைவது தூத்துக்குடிச் சுற்றுவட்டாரத்தில். பள்ளிப் பாடத்தில் படித்ததுதான். ஆனால் பாத்தி வரப்பில் நின்று பார்க்கும்போதுதான் உப்பு ஒரு விவசாயம் என்பது மண்டையில் ஏறுகிறது. மண்ணுக்கடியில் இருக்கும் உப்புநீரை மோட்டார் வைத்து இறைக்கிறார்கள். அது ஒரு பாத்தியில் காய்ந்து, அடுத்ததில் காய்ந்து, தண்ணீரின் கனம் ஏறிக்கொண்டே போகிறது. அந்தக் கனத்தை அளக்கும் போமே அளவில் 25 டிகிரியை ஒட்டி வரும்போது உப்பு பூக்கத் தொடங்கும். அதற்குமேல் விட்டுவைத்தால் கசப்பு உப்புகள் இறங்கிவிடும் என்பதால் மிச்ச நீரை வடித்துவிடுகிறார்கள். பக்குவம் பார்ப்பது அவ்வளவு நுட்பமான வேலை. கழியின் முனையில் மாட்டிய பலகையால் பாத்தியின் அடியிலிருந்து உப்பை வாரி வரப்போரம் சேர்க்கிறார்கள். அங்கிருந்து கூடையில் அள்ளித் தலையில் சுமந்து அம்பாரத்துக்குக் கொண்டுபோகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். மழைக்குப் பயந்து அம்பாரங்களின் மேல் பனையோலை வேய்ந்திருக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கடலோரக் குடிசைகள்போலத் தெரியும்.

கூடையை இறக்கிய ஒரு பெண் என் மனைவியைப் பார்த்து, "எந்தூருக்கா?" என்றாள்.

"மதுரைம்மா."

"உப்பு வாங்கவா வந்தீக?"

"இல்லம்மா. சும்மா பாக்கத்தான்."

"உப்பயா பாக்க வந்தீக!" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிச் சிரித்தாள். அதில் கேலி இல்லை. தன் வேலையை ஒருவர் பஸ் ஏறிப் பார்க்க வந்திருக்கிறார் என்ற ஆச்சரியம்தான் இருந்தது. மனைவி அவள் காலைப் பார்த்தபடி, எரியாதா என்று கேட்டாள். "புண்ணு இருந்தா எரியும்க்கா. அதுக்காவ வராம இருக்க முடியுமா?" என்று சொல்லிவிட்டு அடுத்த நடைக்குப் போய்விட்டாள். பாதத் தோல் வெடித்து, விரலிடுக்குகள் வெளுத்திருந்தன. நாள் முழுக்க வெள்ளைத் தரையில் தெறிக்கும் வெளிச்சம் கண்ணைக் கெடுக்கும். அக்டோபரில் மழை தொடங்கினால் தை வரைக்கும் வேலையே கிடையாது. அந்த மாதங்களுக்கென்று அரசு இப்போது ஆண்டுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. ஒரு குடும்பம் மூன்று மாதம் சாப்பிட அது போதாது.

ராஜம் கிருஷ்ணன் 'கரிப்பு மணிகள்' எழுதியது இந்த மக்களைப் பற்றித்தான். நேரில் வந்து, அளங்களில் நடந்து, பேசிப் பார்த்து எழுதினார். மனைவி அதை நூலகத்தில் எடுத்துப் படித்தவள். வரப்பில் நின்றபடி அந்த நாவலைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தவள், பாதியில் பேச்சை மாற்றி, "எங்கப்பா லாரில வந்து லோடு ஏத்தினது இங்கதான் எங்கயாவது இருக்கும்" என்றாள்.

என் மாமனார் லாரி ஓட்டியவர் என்பது தெரியும். உப்பு லோடு எடுக்கத் தூத்துக்குடிக்கு வருவார் என்பதோ, திரும்பும்போது ஒரு தகர டப்பாவில் மக்ரூன் வாங்கி வருவார் என்பதோ, டப்பாவை எப்போது திறந்தாலும் மேலே கொஞ்சம் உடைந்த தூள் கிடக்கும், அதற்கு அக்கா தங்கைகள் சண்டை போடுவார்கள் என்பதோ எனக்குத் தெரியாது. இத்தனை ஆண்டுகள் ஒரே வீட்டில் சமைத்துச் சாப்பிட்டு, பிள்ளைகளைக் கரையேற்றிய பிறகும் இது எங்களுக்குள் பேச்சில் வந்ததில்லை. வீட்டில் பேசுவதற்கு எப்போதும் வேறு விஷயம் இருந்தது: கேஸ், ஃபீஸ், மாத்திரை. எதிரெதிரே உட்கார்ந்து பேசும்போது வெளிவராத ஒன்று, இருவரும் பக்கத்தில் நின்று மூன்றாவதாக ஒன்றைப் பார்க்கும்போது தானாக வருகிறது. சேர்ந்து ஊர் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இந்த ஒரு காரணம் போதும்.

ஒன்பது மணிக்கெல்லாம் ஊருக்குள் திரும்பி, இட்லி சாப்பிட்டுவிட்டு மாதா கோயிலுக்குப் போனோம். பனிமய மாதாவை இங்கே எல்லோருமே மாதா என்றுதான் சொல்கிறார்கள், சாதியோ மதமோ பார்ப்பதில்லை. சுரூபம் 1555-இல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்தது என்பது மரபு. இப்போதுள்ள கோயில் 1713-இல் எழுந்தது. 1982-இல் பேராலயமாக உயர்த்தப்பட்டது. ஜூலை 26 கொடியேறி ஆகஸ்ட் 5 திருவிழா. தங்கத் தேர் ஆண்டுதோறும் ஓடுவதில்லை. பல ஆண்டுகளுக்கு ஒருமுறை ஓடுகிறது, கடைசியாக ஓடியது 2023-இல். முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1530-களில் கூட்டமாகக் கிறிஸ்தவம் தழுவியதும், பிரான்சிஸ் சேவியர் அவர்களிடையே வந்ததும், போர்த்துக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர் 1658-இல் ஊரைப் பிடித்ததும், 1825-இல் ஆங்கிலேயர் கைக்கு அது போனதும் புத்தகங்களில் இருக்கின்றன. இத்தனை கைமாறிய ஊரில் மாதாமேல் உள்ள பக்தி மாறவில்லை. நாங்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். வார நாள், ஆளில்லை. மீன்கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு ஒரு அம்மாள் உள்ளே வந்து, முட்டியிட்டு, எழுந்து போனார். மனைவி மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்று கேட்கவில்லை. எங்கள் ஊர்க் கோயிலில் இப்படி உட்கார விடுவதில்லை. நகருங்கள், நகருங்கள் என்ற குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். நம்பிக்கை உள்ளவரோ இல்லாதவரோ, உட்கார இடம் தரும் கோயில் பெரிய கோயில்.

அங்கிருந்து கடற்கரைச் சாலை. 1750-இல் டச்சுக்காரர் கட்டிய சிறிய தேவாலயம் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. ஆஷ் துரைக்கு எழுப்பிய நினைவு மண்டபமும் இங்கேதான்.

வ.உ.சி. 1906-இல் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கிய ஊர் இது. பத்து லட்சம் ரூபாய் மூலதனம், 25 ரூபாய்ப் பங்குகள் நாற்பதாயிரம். காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் இலவசமாக ஏற்றி, கையில் ஒரு குடையும் கொடுத்தது என்று இன்றும் சொல்வார்கள். 1908-இல் கோரல் மில் வேலைநிறுத்தம், மார்ச் 12-ஆம் தேதி கைது, இரட்டை ஆயுள் தண்டனை, செக்கு. 1912 கடைசியில் அவர் வெளியே வந்தபோது கம்பெனி கலைக்கப்பட்டிருந்தது. சுதேசிக் கப்பலை முடக்குவதில் முன்னின்ற அதிகாரி என்று ஆஷ்மேல் ஊருக்கு இருந்த கோபம், 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சியின் துப்பாக்கியில் முடிந்தது.

இதெல்லாம் நான் மனைவிக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவளுக்கும் தெரிந்த கதைதான், பொறுமையாகக் கேட்டாள். மண்டபத்தின் முன்னால் நின்றபோது மட்டும், "அந்த ரயில்பெட்டில அவர் பொண்டாட்டியும் இருந்தாங்களாமே?" என்றாள். இருந்தார். கொடைக்கானலில் இருந்த பிள்ளைகளைப் பார்க்க இருவரும் போய்க்கொண்டிருந்தார்கள். கணவனும் மனைவியுமாகப் புறப்பட்ட ஒரு பயணம்தான் அதுவும். பிறகு அவள் வ.உ.சி.யின் மனைவி மீனாட்சி அம்மாளைப் பற்றிக் கேட்டாள். கோவையிலும் கண்ணூரிலும் கணவர் சிறையில் கிடந்தபோது, வழக்குக்கும் மனுவுக்கும் பணத்துக்கும் அலைந்தது அந்த அம்மாள்தான். அவர்களுக்கு ஒரு நல்ல காலம் திரும்பி வரவில்லை. வக்கீல் உரிமம் பறிபோயிற்று, சென்னையில் வறுமை. 1936 நவம்பர் 18-இல் வ.உ.சி. கண்ணை மூடியது இதே தூத்துக்குடியில், காங்கிரஸ் அலுவலகத்தில். நான் ஆண்களின் பெயர்களையும் தேதிகளையும் சொல்லிக்கொண்டு நடந்தபோது, கூட நடந்தவள் அந்த இரண்டு பெண்களையும் நினைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். தனியாக வந்திருந்தால் நான் இந்தச் சாலையை வரலாற்றுப் பாடமாகவே பார்த்துவிட்டுப் போயிருப்பேன்.

பழைய துறைமுகத்தில் தோணிகள் நின்றன. மரத்தில் கட்டிய, வயிறு பெருத்த சரக்குத் தோணிகள். ஒருகாலத்தில் பாயில் ஓடியவை, இப்போது இயந்திரம். மாலத்தீவுக்கு வெங்காயமும் காய்கறியும் கட்டுமானச் சாமானும் இன்றும் இவற்றில் போகின்றன. கரையோரம் ஆழம் குறைவு என்பதால் பெரிய கப்பல்கள் வெகுதூரத்தில் நங்கூரம் போட்டு நிற்க, கரைக்கும் கப்பலுக்கும் இடையே சரக்கைச் சுமந்ததும் தோணிகள்தான். 1974-இல் புதிய துறைமுகம் பெருந்துறைமுகமானதும் அந்த வேலை போயிற்று. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கும்வரை சென்னையிலிருந்து கொழும்பு போகிறவர்கள் ரயிலில் இங்கு வந்துதான் கப்பல் ஏறினார்கள். தேயிலைத் தோட்டங்களுக்குப் போன எத்தனையோ குடும்பங்கள் கடைசியாக மிதித்த தமிழ்நாட்டு மண் இந்தக் கரை. ஜோ டி குருஸ் 'கொற்கை'யில் இந்தத் தோணி உலகத்தை முழுதாக எழுதி வைத்திருக்கிறார். படித்துவிட்டு வந்தால் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு பெயர் இருப்பது தெரியும்.

தோணிக்காரர் ஒருவரிடம் பேச்சு முத்துக்குப் போயிற்று. அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுவிட்டது. முத்துநகர் என்பது இப்போது ரயிலின் பெயரில்தான் இருக்கிறது. சங்குகுளித்தல் மட்டும் தொடர்கிறது. இங்கே எடுக்கும் சங்கு வங்காளத்துக்குப் போய் வளையலாகிறது. அங்கே கல்யாணமான பெண்ணின் கையில் வெள்ளைச் சங்குவளை இருக்க வேண்டும். அவர் சொன்ன ஒரு வழக்கத்தை நான் முன்பே கேள்விப்பட்டிருக்கிறேன், மனைவிக்குப் புதிது. அந்தக் காலத்தில் இடுப்பில் கயிறும் காலில் கல்லுமாக மூச்சடக்கி இறங்குவார்கள். மேலே வள்ளத்தில் அந்தக் கயிற்றைப் பிடித்திருப்பவன் மச்சானாக, அதாவது மனைவியின் உடன்பிறந்தவனாகத்தான் இருக்க வேண்டும். அண்ணன் தம்பிக்குச் சொத்து ஆசை வரலாம், கூட்டாளிக்குக் கவனம் சிதறலாம். தன் அக்கா தங்கையின் தாலி அந்தக் கயிற்றில் இருப்பது மச்சானுக்கு மட்டும் மறக்காது.

கேட்டுவிட்டு மனைவி வெகுநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப அந்தப் பொண்ணு கரையில நின்னுதான் தாலியப் பிடிச்சுக்கிட்டு இருந்திருக்கணும்" என்றாள். கடலுக்குள் அடியெடுத்து வைக்காத பெண்ணின் வாழ்க்கைதான் கடலுக்குள் இறங்குகிறவனின் உயிர்ப்பிடி. ஒரு தொழில் குடும்ப உறவுகளுக்குள் இவ்வளவு ஆழமாக வேர்விட்டதை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

இந்தக் கடலுக்கு நாம் செய்திருப்பதையும் சொல்லத்தான் வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் தேசியப் பூங்காவாயின. தூத்துக்குடிப் பக்கத்துத் தீவுகளில் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்ததில் அலை தடுப்பாரின்றி, விலாங்குசல்லித் தீவு தண்ணீருக்குள் போய்விட்டது. வான்தீவைக் காப்பாற்ற இப்போது செயற்கைப் பாறைகளை இறக்கியிருக்கிறார்கள். இந்தத் தீவுகளுக்குப் பொதுமக்கள் போக அனுமதியில்லை. அது சரியான முடிவு. பார்க்காமல் விடுவதும் ஓர் ஊருக்கு நாம் காட்டும் மரியாதை. இதையே இன்னொன்றுக்கும் சொல்வேன். 2018 மே 22 அன்று ஸ்டெர்லைட் செம்பு ஆலைக்கு எதிராக ஊர்வலம் போனபோது தொடங்கிய போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் இறந்தார்கள். ஆட்டோவில் போகும்போது ஓட்டுநர் தானாகவே ஓர் இடத்தைக் காட்டி, "இங்கிட்டிருந்துதான் கூட்டம் போச்சு" என்றார். அதற்குமேல் நாங்கள் எதுவும் கேட்கவில்லை.

மதியம் மீன்சாப்பாடு, விடுதியில் கொஞ்சம் தூக்கம். சாயங்காலம் திரேஸ்புரத்தில் நாட்டுப்படகுகள் கரை ஒதுங்கும் இடத்தில் நின்றோம். சீலா மீனும் பாறை மீனும் ஏலம் போனதைப் புரிந்தும் புரியாமலும் கேட்டோம். பிறகு மக்ரூன். முட்டை வெள்ளைக்கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்து, முந்திரித் தூளைக் கலந்து, காகிதக் கூம்பால் குட்டிக் கோபுரங்களாகப் பிழிந்து, மிதமான சூட்டில் நிதானமாகக் காயவிடுகிறார்கள். அவ்வளவுதான் சேர்மானம், ஆனால் மற்ற ஊர்களில் இந்தப் பதம் வருவதில்லை. மனைவி அரைக் கிலோ வாங்கினாள். ராத்திரி பரோட்டாக் கடையில் சால்னாவை மூன்றாவது தடவை கேட்டு வாங்கினாள். வீட்டில் எனக்கு மிச்சம் வைத்துச் சாப்பிடுகிறவள், தனக்கு இன்னும் வேண்டும் என்று கடைக்காரரிடம் கேட்டதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஒன்றை மட்டும் வருத்தத்தோடு எழுத வேண்டும். காலையிலிருந்து அவள் தண்ணீரே சரியாகக் குடிக்கவில்லை. பாட்டிலை நீட்டும்போதெல்லாம் வேண்டாம் என்றாள். காரணம் எல்லாப் பெண்களுக்கும் தெரிந்ததுதான். வெளியூரில் எங்கே ஒதுங்குவது? தூத்துக்குடியை மட்டும் சொல்லவில்லை, தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் இதே நிலைமை. மார்ச் மாத வெயிலில், உப்புக்காற்றில், இந்தப் பயத்தோடு ஒரு பெண் பாதி நாளைக் கழிக்கிறாள். ஆண்கள் எழுதும் பயணக் கட்டுரைகளில் இது வருவதில்லை. பெண்கள் ஏன் ஊர் பார்க்கப் பிரியப்படுவதில்லை என்று கேட்கிறவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.

ஆகவே ஊர்களை அழகுபடுத்தத் திட்டம் போடுகிறவர்களுக்கு என் வேண்டுகோள். ஊர்ப் பெயரெழுதிய இதய வடிவச் சிலை வேண்டாம். கண்ணாடிப் பாலமும் வண்ண விளக்கும் வேண்டாம். கடற்கரைச் சாலையில் இருபதடிக்கு ஒரு வேம்போ பூவரசோ வையுங்கள். அதன் அடியில் முதுகு சாயும்படி ஒரு பெஞ்சு போடுங்கள். தண்ணீர் வரும், தாழ்ப்பாள் பூட்டும், நாள் முழுக்கத் திறந்திருக்கும் கழிப்பறைகளைப் பெண்களுக்குக் கட்டிக் கொடுங்கள். தூத்துக்குடியில் பார்க்க வேண்டியவை ஏற்கெனவே இருக்கின்றன.